வளவின் கூட்டாத மூலை

தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த துணிகள் என் மேசையில் குவிகிற அதே கிழமைகளில்தான் வடக்கிலிருந்து வரும் குருவிகளும் எங்கள் வளவில் வந்து இறங்கும். அதனால் ஐப்பசியில் எனக்கு நித்திரை குறைவு. ஆனாலும் வருடம் முழுக்க நான் ஆசையோடு காத்திருக்கும் மாதம் அதுதான்.

இருப்பது மட்டக்களப்புக்குப் பக்கத்து ஆரையம்பதியில். தொழில் தையல், ஆசை பறவைப் படம் எடுப்பது. மெஷின் பின்னறை ஜன்னலோரம் இருக்கிறது. தலையை நிமிர்த்தினால் பின் வளவு முழுவதும் தெரியும். கிணறு, கிணற்றடி வாழை, மாமரம், பலா, கோழிக்கூடு, வேலி நீளத்துக்குச் செவ்வரத்தை, அதற்கு அங்கால் பக்கத்து வீட்டு முருங்கை. 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளி இந்த வளவில் நின்ற பழைய மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டதாம். இப்போது நிழல் தருகிற மாவும் பலாவும் அதற்குப் பிறகு மாமா வைத்த கன்றுகள். மாமா இப்போது இல்லை. குருவிகள் தேடி வருவது அவருடைய மரங்களைத்தான்.

ஆவணி, புரட்டாதி வரைக்கும் கச்சான் காற்று அடித்து மண் தூளாகக் கிடக்கும். பிறகு காற்று மாறும். பின்னேரங்களில் இடி இடித்து ஒரு மழை, இரண்டு மழை விழ, மண்ணுக்குள் கிடந்த புழு பூச்சியெல்லாம் மேலே வரும். அதே நாள்களில் இமயமலை அடிவாரத்திலும் மங்கோலியாவிலும் சைபீரியாவிலும் குளிர் இறங்கிப் பூச்சி அடங்கிவிடும். அங்கே சாப்பாடு முடிகிற நேரம் இங்கே பந்தி தொடங்குகிறது. தெற்கே பறக்கிறவற்றுக்கு வடகிழக்கிலிருந்து வீசும் வாடையும் உதவி. இந்தப் பாதையில் இலங்கைதான் கடைசி நிலம். எங்களுக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரைக்கும் கடல். ஆகவே வந்தவற்றில் பல இங்கேயே தங்கிவிடும். பங்குனி, சித்திரையில்தான் திரும்பும்.

பறவைப் படம் என்றதும் எல்லாரும் குமண தேசியப் பூங்காவைச் சொல்வார்கள். போக வேண்டிய இடம்தான், நானும் போயிருக்கிறேன். பெரும்போக உழவு நேரத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்கள் பக்கம் போனாலும் உழவு மெஷினுக்குப் பின்னால் கொக்குகளும் மீசை ஆலாக்களும் கூடிப் பறப்பதைப் பார்க்கலாம். தகைவிலான்கள் வயலுக்கு மேல் தாழப் பறந்து பூச்சி பிடிக்கும். ஆனால் அதற்கெல்லாம் வாகனம் வேண்டும், ஒரு நாள் வேலையை விட வேண்டும். வீட்டு வேலையும் தையலும் ஒன்றாகப் பார்க்கிற எங்களைப் போன்ற பெண்களுக்கு வளவுக்குள் வருகிறவைதான் கைக்கெட்டும். அவையே போதுமானதற்கும் மேல்.

ஒரு தீபாவளிக்கு முந்திய இரவு வேலையைச் சொல்ல வேண்டும். பதினொரு மணி தாண்டியிருக்கும். வெளியே தூறல். ஜன்னல் திறந்திருக்க, டியூப் லைட் எரிய, நான் ஒரு பிளவுஸுக்குக் கை பூட்டிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று வேகமாக உள்ளே வந்து துணி அலுமாரியில் மோதி, கீழே கிடந்த வெட்டுத் துணிகளுக்கு நடுவில் விழுந்தது. வௌவால் என்று நினைத்து எழும்பினேன். கிட்டப் போய்ப் பார்த்தால் ஆறுமணிக்குருவி.

அதன் முன்னால் நிலத்தில் இருந்துவிட்டேன். வாய் சற்றுத் திறந்திருந்தது. நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது. தலை உச்சியில் கறுப்புக் கோடு ஒன்று, அதற்கு இரண்டு பக்கமும் மங்கலான காவி, கண்ணை மூடிக்கொண்டு பிடரி வரை போகிற கறுப்புப் பட்டி, தொண்டை வெள்ளை, முதுகு பச்சை, சிறகில் பளபளக்கிற வான்நீலத் துண்டு, வயிறு மஞ்சள் கலந்த காவி, வாலடியில் இரத்தச் சிவப்பு. எந்தத் தையற்காரியும் ஒரே சட்டையில் சேர்க்கப் பயப்படுகிற நிறங்கள். வால் இல்லையோ என்னும் அளவுக்குக் கட்டை. கால் மட்டும் நீளம், நல்ல பலம். இந்தப் பறவை 50, 60 கிராம்தான் இருக்கும். அந்த எடையோடு இந்தியாவின் நடுப்பகுதியிலிருந்தோ இமயமலை அடிவாரத்திலிருந்தோ இரவிரவாகப் பறந்து, கடல் கடந்து வருகிறது.

சின்னக் குருவிகளில் பல இரவில்தான் பயணம் செய்யும். வழி பிடிக்க நட்சத்திரமும் பூமியின் காந்தப்புலமும் அவற்றுக்கு உதவுகின்றன. முகில் மூடி மழை தூறும் இரவில் நட்சத்திரம் தெரியாது. கீழே எரிகிற வெளிச்சம் அவற்றை இழுத்துவிடும். ஆறுமணிக்குருவிகள் வந்த புதிதில் இப்படிக் களைத்து வீடுகளுக்குள் வந்து விழுவதும், கண்ணாடியில் மோதுவதும் இலங்கை முழுக்க நடப்பது. அதனால் உங்கள் வீட்டிலும் ஒருநாள் நடக்கலாம். நடந்தால் என்ன செய்வது என்று தெரிந்து வைத்திருங்கள். லைட்டை அணையுங்கள். மெல்லிய துணியால் மூடி எடுத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள். இருட்டும் அமைதியும்தான் அதற்கு மருந்து. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறும் வேண்டாம். அடிக்கடி திறந்து பார்க்கவும் வேண்டாம். பகலில் மோதி விழுந்தது என்றால் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் தெளிந்து பெட்டிக்குள் அசையத் தொடங்கும். இரவில் வந்தது என்றால் விடியும் வரை வைத்திருங்கள். சிறகு தொங்கினால் அல்லது இரத்தம் தெரிந்தால் மிருக வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

சாறி வந்த பெட்டி ஒன்றில் கத்தரிக்கோல் முனையால் துளை போட்டு அதை வைத்தேன். விடியப்புறம், கிழக்கு வெளுத்த கையோடு, மாமரத்தடிக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். மாமி கூட்டிக் குவித்து, மழையால் எரிக்க முடியாமல் கிடந்த சருகுக் குவியல் அங்கே இருந்தது. குருவி பெட்டி விளிம்பில் ஏறி நின்றது. பிறகு சருகுக்குள் குதித்தது. பறந்து போய்விடும் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அது அலகால் ஓர் இலையைப் புரட்டிப்போட்டு அடியில் இருந்த புழுவை இழுத்தது! அவ்வளவு பசி. அன்றைக்குப் பிறகும் அது அந்தக் குவியலை விட்டுப் போகவில்லை. காலையிலும் மாலையிலும் அதன் இரட்டை விசில் மாமரத்தடியிலிருந்து கேட்கும்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. எங்கள் ஊர் வளவுகளில் விடியற்காலை விளக்குமாறு சத்தம் கேட்காத வீடு இல்லை. மணலில் கோடு கோடாகக் கூட்டிய தடம் தெரிய வேண்டும், ஒரு சருகு கிடக்கக்கூடாது. கூட்டியதைக் குவித்து நெருப்பு வைத்துவிடுவோம். நிலத்தில் இரை பொறுக்குகிற பறவைக்கு அந்த மணலில் ஒன்றுமே இல்லை. சருகு நனைந்து உக்கினால்தான் மண்புழுவும் வண்டும் கறையானும் அதற்குள் இருக்கும். மரம் இருந்தால் மட்டும் போதாது. மரம் உதிர்த்ததும் அடியில் கிடக்க வேண்டும்.

மாமியிடம் சொன்னேன். மாமரத்தடி மூலையை இனிக் கூட்ட வேண்டாம், எரிக்க வேண்டாம் என்று.

“என்ன புள்ள கதைக்கிறாய், வளவு காடு மாதிரிக் கிடந்தா வாற சனம் என்ன சொல்லும்? பாம்பு வந்து படுக்கும்” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆகவே அந்த மூலையை வீட்டுப் படியிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் தள்ளியே வைத்துக்கொண்டோம். சருகு நான்கு விரல் கனத்துக்கு மேல் ஏறினால் வழித்து வாழைக்குப் போட்டுவிடுவேன். பாம்பு ஒளிக்கத் தோதான கல், ஓடு, விறகுக் கட்டு எதையும் அங்கே அடுக்குவதில்லை. கையால் கிளறுவதும் இல்லை, மண்வெட்டிதான். அப்புறம் டெங்குப் பயம். மாரி தொடங்கினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வருவார், வரத்தான் வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கி நிற்கிற தண்ணீரில். நனைந்த சருகில் அல்ல. சிரட்டை, தயிர்ச் சட்டி, யோகட் கப் ஒன்றும் சருகுக்குள் கிடக்காமல் நான் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பார்ப்பேன். குருவி குளிக்க வைத்திருக்கிற மண்தட்டைத் தினமும் கவிழ்த்து, தேய்த்து, புதிதாக நிரப்புவேன். முட்டை நுளம்பாக ஒரு கிழமையளவு வேண்டும் என்பதால் தினமும் மாற்றுகிற தண்ணீரில் ஆபத்தில்லை. வந்த பரிசோதகர் தட்டையும் பார்த்தார், சருகையும் கிளறிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுப் போனார்.

கோழிகள்தான் பெரிய பிரச்சினை. திறந்துவிட்டதும் நேரே சருகுக்குத்தான் ஓடும். ஏழரை மணி வரை கூட்டைத் திறப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பூனைக்கு, வெட்டிய தேசி முள்ளுக்கொப்புகளை மூலையைச் சுற்றிப் போட்டிருக்கிறேன். குருவிக்கு அந்த முள் ஒரு தடையே இல்லை, இடையால் குதித்துப் போய்விடும்.

சரி, படத்துக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது தம்பி கட்டாரிலிருந்து கொண்டுவந்து தந்த நிக்கோன் பி900. லென்ஸ் கழற்றி மாற்றுகிற கமரா இல்லை. 2000 மில்லிமீற்றர் லென்ஸுக்குச் சமமாகத் தூரத்தில் உள்ளதைக் கிட்ட இழுக்கும் என்பதுதான் அதன் பெரிய பலம். பலவீனம் இருட்டு. முழுவதும் இழுத்தால் வெளிச்சம் நுழைகிற துவாரம் எஃப் 6.5க்குச் சுருங்கிவிடும், அந்த வெளிச்சத்தை வாங்குகிற சென்சரும் சின்னது. கார்த்திகை மாதத்துக் காலை ஆறேகாலுக்கு, முகில் மூடிய வானத்தின் கீழ், மாமர நிழலில் குதிக்கிற குருவிக்கு இது போதாத வெளிச்சம். ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவைக் கூட்டினால் படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்துபோகும். அதனால் ஷட்டர் வேகத்தைக் குறைத்து, கமராவை அசையாமல் வைப்பதுதான் வழி. பழைய ஜீன்ஸ் கால் ஒன்றை வெட்டிப் பயறு போட்டுத் தைத்த பை ஒன்று ஜன்னல் கட்டில் கிடக்கிறது. லென்ஸை அதில் அழுத்தி வைத்தால் ஸ்டாண்ட் தேவையில்லை. இரண்டு செக்கன் டைமரில் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவேன், பொத்தான் அழுத்துகிற ஆட்டமும் இருக்காது.

ஆறுமணிக்குருவி ஓயாமல் ஓடுகிற பறவை இல்லை. இரண்டு மூன்று குதி, ஒரு நிற்பு, தலையைச் சரித்துக் கேட்பது, பிறகு இலையைப் புரட்டுவது. அந்த நிற்பில்தான் எடுக்க வேண்டும். கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தாலே அந்தத் தாளம் பிடிபட்டுவிடும். மேலேயிருந்து எடுத்தால் முதுகுதான் வரும். அதன் கண் மட்டத்துக்கு இறங்கினால்தான் நெஞ்சும் கண்ணும் சேர்ந்து வரும். அதற்காகப் பின்வாசல் படியில் பாய் போட்டுக் குப்புறப் படுத்துக்கொள்வேன். முன்னால் தொங்குவது பச்சைத் திரைச்சீலைத் துணி. லென்ஸ் நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி ஓரம் மடித்துத் தைத்தது. அந்தத் துணி தொங்கத் தொடங்கிய பிறகுதான் குருவி என்னை மறந்து நடமாடுகிறது. ஃபிளாஷ் போட மாட்டேன். போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடவும் மாட்டேன். கடல் தாண்டிக் களைத்து வந்து, ஓர் இடத்தைத் தனக்கென்று பிடித்து வைத்திருக்கிற உயிர் அது. இன்னொரு குருவி வந்துவிட்டது என்று நினைத்து, தின்கிற நேரத்தையும் பலத்தையும் அது சண்டைக்குச் செலவழிக்கக்கூடாது.

பலாவடியில் கொடிக்கால் வாலாட்டி வந்து நிற்கும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது பக்கவாட்டில் உடம்பையே ஆட்டும். நெஞ்சில் இரட்டைக் கறுப்பு வளையம். சீனா, கொரியா, கிழக்குச் சைபீரியா பக்கத்திலிருந்து வருவது. சருகு நிறத்திலேயே இருப்பதால் அசைந்தால்தான் கண்ணுக்குப் படும்.

முருங்கை உச்சிக் கொப்பு பழுப்புக் கீச்சானுடையது. கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி, முனை வளைந்த அலகு. வந்த நாளிலேயே கரகரவென்று கத்தி இடத்தைப் பிடித்துவிடும். முந்தி வந்து இடம் பிடித்ததுக்குத்தான் நல்ல இடம், பிந்தி வந்தது அலைய வேண்டியதுதான். கீச்சான்கள் வருடா வருடம் அதே இடத்துக்குத் திரும்பி வருவதை, காலில் வளையம் போட்டு ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். எங்கள் முருங்கையிலும் வருடம் தவறாமல் ஒன்று இருக்கிறது. வெளியே தெரிகிற கொப்பில் ஆடாமல் இருப்பதால் புதிதாகப் படம் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பறவை இல்லை. இதிலிருந்து தொடங்குங்கள். காலை வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டால் போதும்.

எல்லாவற்றையும்விட மாமிக்குப் பிடித்தது அரசவால் ஈப்பிடிப்பான். இலங்கையிலேயே இருக்கிற இனத்தில் ஆண் பறவை எந்த வயதிலும் செம்பழுப்புத்தான். மாரியில் இந்தியாவிலிருந்து வருகிறவற்றில்தான் வெள்ளை ஆண்கள் இருக்கும். தலை பளபளக்கும் கறுப்பு, உடம்பு வெள்ளை, வாலில் உடம்பைவிட நீளமான இரண்டு வெள்ளை இறகுகள். பின்னேரம் நான்கு மணிபோல கிணற்றடிக்கு வரும். வாழையிலிருந்து மண்தட்டுத் தண்ணீரில் ஒருதரம் விழுந்து எழும்பி மறுபடி வாழைக்கு, பிறகும் ஒருதரம். அந்த வால் இறகுகள் அதற்குப் பின்னால் அலைந்து அலைந்து போகும்.

அதை எடுப்பதில் ஒரு சிக்கல். பின்னால் வாழையிலை கரும்பச்சையாக இருப்பதால் கமரா இருட்டென்று கணக்குப் போட்டு வெளிச்சத்தைக் கூட்டும். வெள்ளை உடம்பு வெறும் கடதாசியாக வந்துவிடும், இறகின் வரி ஒன்றும் இருக்காது. பி900 ரோ படம், அதாவது பிறகு திருத்த வசதியாகச் சென்சர் பிடித்ததை அப்படியே வைத்திருக்கிற படம், எடுக்காது. எரிந்த வெள்ளையைக் கணினியில் மீட்கவும் முடியாது. ஆகவே பறவை வருமுன்பே வெளிச்ச அளவைக் கழித்தல் 0.7 அல்லது கழித்தல் 1க்கு இறக்கி வைத்துவிட வேண்டும். படம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் வால் இறகின் நடுத்தண்டில் ஓடுகிற மெல்லிய கறுப்புக் கோடு வரைக்கும் கிடைக்கும். போன கார்த்திகையில் அப்படி வந்த படம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்துத் தையலறையில் மாட்டியிருக்கிறேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் எங்கே எடுத்தது என்று கேட்பார்கள். ஜன்னலைக் காட்டுவேன்.

மாமி இப்போது அந்த மூலையைக் கூட்டுவதில்லை. தீபாவளி வேலை நெருக்குகிற நாள்களில் நான் தலை நிமிராமல் இருந்தால், “புள்ள, உன்ட வெள்ளை வால் வந்து நிக்குது, எழும்பு” என்று கிணற்றடியிலிருந்து குரல் கொடுப்பார். காத்தான்குடியிலிருந்து தைக்க வருகிற ஒரு தங்கச்சி, தன் வீட்டிலும் மருதாணி மரத்தடியை இந்த மாரிக்குக் கூட்டாமல் விட்டிருப்பதாகச் சொன்னாள். அங்கேயும் வாலாட்டி வந்ததாம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பின்பக்க லைட்டை அணையுங்கள், அல்லது தடித்த திரை போடுங்கள் என்று அவளிடமும் சொல்லியிருக்கிறேன். எனக்கு இரவு வேலை இருப்பதால் திரைதான். இரட்டைத் துணியில் தைத்துப் போட்டிருக்கிறேன்.

இன்னும் கிடைக்காத படம் ஒன்று உண்டு. செவ்வரத்தை வேலிக்குள் நாள் முழுக்க “டக், டக்” என்று கேட்கும். அது பிளைத் நாணல் கதிர்க்குருவி. மண் நிறத்தில் மெலிந்த சின்னக் குருவி. இலைக்கு இலை தாவிக்கொண்டே இருக்கும், வெளியே வராது. இதுவரை என்னிடம் இருப்பவை வால் நுனியும், பாதிச் சிறகும், அது விட்டுப்போன கொப்பும். வேலி இப்போது நன்றாக அடர்ந்து ஒழுங்கைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது, வெட்ட வேண்டும் என்று இவர் இரண்டு தரம் கத்தியைத் தீட்டிவிட்டார். சித்திரை முடியட்டும், அது போன பிறகு வெட்டலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.